பத்திரிகையிலிருந்து பி.ஆர். வேலைக்கு: எதையெல்லாம் முன்பே பேசிவைக்க வேண்டும்?

அச்சுமை (கேள்வி)

வணக்கம். வணிகச் செய்திகள் எழுதும் நிருபர் நான். ஒரு பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்சியிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது, பேச்சு இன்னும் முடியவில்லை. "அந்தப் பக்கம் போனால் பொய் சொல்லித்தான் பிழைக்க வேண்டும்" என்கிறார்கள் சிலர். "இந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் எனக்கு உதவவில்லை. நேர்மையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எப்போது, யாரிடம், எந்தச் சொற்களில் எதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் தெரிய வேண்டும்.

கேட்க நினைப்பவை:

ஏஜென்சியோடு பேசிக்கொண்டிருப்பதை ஆசிரியரிடம் எந்தக் கட்டத்தில் சொல்ல வேண்டும்? அதுவரை அந்த ஏஜென்சியின் கிளையன்ட்களைப் பற்றி எழுதலாமா?

என் சோர்ஸ்களும் குறிப்பேடுகளும் யாருடையவை? எதை எடுத்துக்கொண்டு போகலாம்?

கிளையன்ட் பொய்யான ஒன்றைச் சொல்லச் சொன்னால் நடைமுறையில் என்ன செய்வது? "வேலையை விடு" என்பது கடைசிப் படி. அதற்கு முந்தைய படிகள் என்ன?

ஆஃப் தி ரெக்கார்ட், எம்பார்கோ (குறித்த நேரம்வரை வெளியிடக்கூடாது என்ற தடை) எல்லாம் நிருபராக எனக்குத் தெரியும். தகவல் தரும் பக்கத்தில் உட்கார்ந்தால் இவற்றில் என்ன மாறும்?

---

செய்திமேசை

முதல் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றவற்றைப் பி.ஆர். பக்கம் இருப்பவர்கள் சொல்வதுதான் முறை.

"ஆர்வம் இருக்கிறது, மேலே பேசலாம்" என்று நீங்கள் பதில் அனுப்பிய நாளே ஆசிரியரிடம் சொல்ல வேண்டிய நாள். பெரும்பாலானோர் ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை காத்திருக்கிறார்கள். ஆனால் மனச்சாய்வு சம்பளத்தோடு தொடங்குவதில்லை. வேலை கிடைக்கலாம் என்ற எண்ணம் வந்ததுமே தொடங்கிவிடுகிறது. அந்த ஏஜென்சியின் கிளையன்ட் பற்றிக் காட்டமாக ஒரு பத்தி எழுதுவீர்கள். அனுப்பும் முன் திரும்பப் படித்துவிட்டு வெட்டுவீர்கள். சரியான காரணத்துக்காகவே வெட்டியிருக்கலாம். ஆனால் அதை உங்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது.

வாய்மொழியாகச் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள், ஒரு மெயில் அனுப்புங்கள். ஐந்தாறு வரி போதும். எந்த ஏஜென்சியோடு பேச்சு நடக்கிறது, எந்தத் தேதியில் தொடங்கியது, அதன் இணையதளத்தில் உள்ள கிளையன்ட் பட்டியலில் உங்கள் பீட்டில், அதாவது நீங்கள் செய்தி சேகரிக்கும் துறையில், வருபவை எவை, அவற்றைப் பற்றி இப்போது கையில் இருக்கும் கட்டுரைகள் எவை, அவற்றை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள். பேச்சு தொடங்கிய தேதிக்குப் பிறகு அந்த நிறுவனங்களைப் பற்றி ஏதாவது வெளியாகியிருந்தால் அதன் தலைப்பும் தேதியும். இந்தக் கடைசி வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள், பிறகு சிக்கல் வருவதும் அதிலிருந்துதான். நீங்கள் புது வேலையில் சேர்ந்த தேதி எல்லாரும் பார்க்கும்படி இருக்கும். கட்டுரையின் தேதியும் அப்படியே. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் இரண்டு நிமிடம் ஆகாது. ஆசிரியருக்கு முன்பே தெரிந்திருந்தால் அவரால் பதில் சொல்ல முடியும். தெரியாவிட்டால் பத்திரிகையின் பெயரும் சேர்ந்து கெடும்.

குறிப்பேடுகள் விஷயம். முதலில் உங்கள் பணி ஒப்பந்தத்தைப் பாருங்கள். அலுவலக மெயில், பதிவுகள், வெளிவராத வரைவுகள் ஆகியவை நிறுவனத்துக்குச் சொந்தம் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். தொலைபேசி எண் உங்கள் நினைவிலேயே இருக்கும், அதை யாரும் பறிக்க முடியாது. ஆனால் பெயர் சொல்லக்கூடாது என்ற வாக்குறுதியோடு உங்களிடம் பேசியவர்கள் நிருபரிடம் பேசினார்கள். நாளை அவர்களுடைய முதலாளியே உங்கள் கிளையன்ட் ஆகலாம். "உங்கள் ஆட்களில் யார் பத்திரிகையோடு பேசுகிறார்கள் என்று தெரியுமா?" என்று கேட்கப்படும். அந்த வாக்குறுதிக்குக் காலக்கெடு கிடையாது. சேருவதற்கு முன்பே, "பழைய வேலையில் நம்பிக்கையின்பேரில் எனக்குக் கிடைத்த எதையும் எந்தக் கிளையன்டுக்காகவும் பயன்படுத்த மாட்டேன்" என்ற ஒரு வரியை நியமனக் கடிதத்தில் கேட்டு வாங்குங்கள். ஒழுங்கான ஏஜென்சி இதற்கு மறுப்புச் சொல்லாது.

இதைவிடப் பெரிய ஆபத்து வெளிவராத செய்திகள். முன்னாள் நிருபர் சேர்ந்ததும் புது அலுவலகத்தில் முதலில் கேட்கும் கேள்வி, "நம்ம கிளையன்ட் பற்றி அங்கே என்ன ஸ்டோரி ஓடுகிறது?" என்பதுதான். கேட்பவர் கெட்ட நோக்கத்தோடுதான் கேட்கிறார் என்றில்லை. ஆனால் பதில் சொல்லக்கூடாது. வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் பங்குச் சந்தைப் பத்தி எழுதிய ஃபாஸ்டர் வினன்ஸ் வழக்கைப் பாருங்கள். நாளை என்ன வரப்போகிறது என்பதை அவர் தரகர்களிடம் முன்கூட்டியே சொன்னார். 4 மாதங்களில் சுமார் 27 பத்திகள், நிகர லாபம் சுமார் 6,90,000 டாலர். அந்தப் பத்திகளில் இருந்தவை பொய்யில்லை, லாபத்துக்காகத் திரிக்கப்பட்டவையும் இல்லை. ஆனாலும் வெளிவராத செய்தி பத்திரிகையின் சொத்து என்று சொல்லி, மோசடிக் குற்றச்சாட்டில் தண்டனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல் உறுதி செய்தது. பி.ஆருக்குப் போகிற நிருபர் அப்படிப் பணம் பார்ப்பதில்லைதான். ஆனால் அவர் கையில் இருப்பது அதே வகைச் சொத்து.

கடைசியாக, சேர்ந்த பிறகு குறைந்தது ஆறு மாதமாவது உங்கள் பழைய டெஸ்க்குக்கு (ஆசிரியர் குழுவுக்கு) நீங்களே பிட்ச் செய்யாதீர்கள், அதாவது செய்தி போடச் சொல்லி அணுகாதீர்கள். அங்கே இருப்பவர்கள் உங்கள் நண்பர்கள். அவர்களால் உங்களிடம் "இது செய்தி இல்லை" என்று எளிதாகச் சொல்ல முடியாது.

---

வெள்ளைத்தாள்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பி.ஆர். வேலையில் பொய் எப்படி வெளியே போகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். யாரோ உட்கார்ந்து பொய்யை இட்டுக்கட்டுவது அரிது. கிளையன்ட் தந்ததை யாரும் சரிபார்க்காமல் அப்படியே செய்திக்குறிப்பில் போடுவதுதான் வழக்கமான வழி.

இந்தத் தொழிலின் தொடக்கத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் பி.ஆர். முன்னோடிகளில் ஒருவரான ஐவி லீ 1906இல் தன் கொள்கை அறிக்கையைப் பத்திரிகை ஆசிரியர்களுக்கு அனுப்பினார். எங்கள் வேலை வெளிப்படையானது, துல்லியமான தகவல் தருவோம், இது விளம்பரம் என்று தோன்றினால் போடாதீர்கள் என்பது அதன் சாரம். 1914இல் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் முகாமில் நடந்த லட்லோ படுகொலைக்குப் பிறகு கொலராடோ சுரங்க முதலாளிகளுக்காக அவர் வெளியிட்ட துண்டறிக்கைகளில், தொழிற்சங்கத் தலைவர்கள் ஓராண்டில் பெற்ற தொகை சில வாரங்களில் பெற்றதாக அச்சாகிவிட்டது. விசாரணைக் குழு கேட்டபோது, நிறுவனத்தார் தந்ததைத்தான் பயன்படுத்தினேன், தனியாகச் சரிபார்க்கவில்லை என்ற நிலைப்பாட்டையே எடுத்தார். கொள்கை அறிக்கையும் அவருடையதுதான், துண்டறிக்கையும் அவருடையதுதான். இடையில் விடுபட்டது சரிபார்ப்பு.

ஆகவே ஒவ்வொரு செய்திக்குறிப்புக்கும் ஒரு சான்றுத்தாள் வையுங்கள். வெளியே அனுப்ப அல்ல, உங்கள் கோப்பில் இருக்க. குறிப்பில் உள்ள ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு வரி. அந்தக் கூற்று, அதைச் சொன்னவர், அதற்கான ஆவணம், ஆவணத்தின் தேதி, சரிபார்த்தவரின் கையெழுத்து. ஆவணக் கட்டம் காலியாக இருந்தால் அந்தக் கூற்றை எடுத்துவிட வேண்டும். ஒரு பக்கக் குறிப்புக்கு இது அரை நாள் வேலை. "அவசரம், இன்றைக்கே போக வேண்டும்" என்று சொல்லப்படும் குறிப்புகளில்தான் இதை விடவே கூடாது.

எந்த இடத்தில் அதிகம் தவறுகிறது என்றால்:

எண்கள். காலம், அலகு, அடிப்படை மூன்றும் இல்லாத எண் வேண்டாம். "விற்பனை 50 சதவீதம் உயர்ந்தது" என்றால் எந்தக் காலாண்டோடு ஒப்பிட்டு? 2 சதவீதமாக இருந்த சந்தைப் பங்கு 3 சதவீதமானால் அது 50 சதவீத உயர்வு என்பதும் உண்மை, ஒரு சதவீதப் புள்ளி உயர்வு என்பதும் உண்மை. முதலாவதை மட்டும் தலைப்பில் போட்டு 2, 3 என்ற எண்களை மறைப்பது ஏமாற்றுதான். மூல எண்களைச் சேர்த்தே கொடுங்கள்.

"முதல்", "ஒரே", "மிகப்பெரிய". எதோடு ஒப்பிட்டு, யார் அளந்தது என்று ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால் வெட்டுங்கள். நிருபர்கள் குறிப்பைச் சந்தேகிக்கத் தொடங்குவது இந்தச் சொற்களில்தான்.

கருத்துக்கணிப்பு. எத்தனை பேர், எந்தத் தேதிகளில், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், கேட்ட கேள்வி என்ன, பணம் கொடுத்தது யார் ஆகிய ஐந்தும் குறிப்பிலேயே இருக்க வேண்டும். சீரற்ற முறையில் தேர்ந்தெடுத்த 1,000 பேரிடம் கேட்டால் பிழை எல்லை 95 சதவீத உறுதியில் சுமார் 3 புள்ளி இரு பக்கமும். அந்த ஆயிரத்தில் இளைஞர்கள் 100 பேர் என்றால் அவர்களுக்கு மட்டும் அது கிட்டத்தட்ட 10 புள்ளி. ஆகவே "இளைஞர்களிடையே 5 சதவீதம் அதிக ஆதரவு" என்ற தலைப்புக்கு அடிப்படையே இல்லை. தாமாக முன்வந்து இணையத்தில் பதில் சொன்னவர்கள் என்றால் இந்தப் பிழை எல்லைக் கணக்கும் பொருந்தாது. அந்த முடிவை மக்கள் கருத்து என்று எழுதாதீர்கள்.

மேற்கோள். நிர்வாக இயக்குநர் சொன்னதாக வரும் வாக்கியத்தை எழுதுவது பெரும்பாலும் நாம்தான், அது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் அவர் அதைப் படித்து, "இது என் கருத்து, போடலாம்" என்று மெயிலில் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய உதவியாளரின் "ஓகே சார்" போதாது. இப்போது மேற்கோள்களைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு வரைவு செய்கிறார்கள். அப்போதும் இதே விதிதான், இன்னும் கண்டிப்பாக.

இனி நேரடியாகப் பொய் சொல்லச் சொல்லும் நிலை. மூன்று வகையைப் பிரித்துப் பாருங்கள். சொல்லாமல் இருப்பது ஒன்று. அது அனுமதிக்கப்பட்டது, காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் நல்லது: "விசாரணை நடக்கிறது, முடியும்வரை இதைப் பற்றிப் பேச முடியாது." முழுப் பொய் இன்னொன்று. அதில் விவாதமே இல்லை. சிக்கல் எல்லாம் நடுவில் இருப்பதில், அதாவது உண்மையான சொற்களால் தவறாக நம்பவைப்பதில்தான். "இந்தப் பொருள் பற்றிப் புகார் வந்ததா?" என்று நிருபர் கேட்கிறார். வாடிக்கையாளர்கள் 40 பேர் மெயில் அனுப்பியிருக்கிறார்கள். "எந்த நீதிமன்றத்திலும் புகார் நிலுவையில் இல்லை" என்று பதில் போகிறது. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் அந்த 40 மெயில்களும் வெளியே வரும் நாளில் நிருபர் தான் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார், அது சரியும்கூட. ஒவ்வொரு பதிலையும் அனுப்பும் முன் இந்த ஒரு கேள்வியால் சோதியுங்கள்: முழு விவரமும் தெரியவரும்போது, "நான் கேட்டதற்குத்தான் பதில் சொன்னார்கள்" என்று அவர் ஒப்புக்கொள்வாரா?

கிளையன்ட் வற்புறுத்தினால் செய்ய வேண்டியது இது. பெரும்பாலும் போனில்தான் சொல்வார்கள். போனை வைத்ததும் மெயில் எழுதுங்கள்: "நீங்கள் சொன்னபடி இந்த வாக்கியம் போக வேண்டும் என்று புரிந்துகொண்டேன். இன்ன தேதியிட்ட இன்ன அறிக்கை இதற்கு மாறாக இருக்கிறது. அதற்குப் பதிலாக இதைப் பரிந்துரைக்கிறேன்." மாற்று வாக்கியம் இல்லாமல் அந்த மெயிலை அனுப்பாதீர்கள். கிளையன்ட் அந்த நேரத்தில் பயத்தில் இருக்கிறார். பயத்துக்கு ஒரு வழி காட்டினால் பெரும்பாலும் அதை எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொள்ளாவிட்டால் அதே மெயிலோடு ஏஜென்சித் தலைவரிடம் போங்கள், பிறகு கிளையன்டின் சட்டப் பிரிவுக்கு. சட்டப் பிரிவினர் நிறைய நேரம் உங்கள் பக்கம்தான் நிற்பார்கள். பொய் அறிக்கையால் வரும் வழக்கு அவர்கள் மேசைக்குத்தானே வரும். அதற்கும் பலனில்லை என்றால் குறிப்பின் கீழ் "தொடர்புக்கு" என்ற இடத்திலிருந்து உங்கள் பெயரை எடுக்கச் சொல்லுங்கள், அந்தக் கணக்கிலிருந்து மாற்றம் கேளுங்கள். அதையும் மறுக்கும் இடத்தில் தொடர்வதற்கு எதுவும் இல்லை.

நேர்முகத்திலேயே இரண்டு கேள்வி கேளுங்கள். அண்மையில் எந்த மாதிரிக் கிளையன்டை வேண்டாம் என்றீர்கள், ஏன்? நாம் அனுப்பிய குறிப்பில் தவறு என்று தெரிந்தால் திருத்தம் அனுப்ப முடிவெடுப்பது யார்? பெயர் சொல்லாவிட்டாலும் தயக்கமில்லாமல் பதில் வந்தால் நல்ல அறிகுறி. ஏஜென்சி எந்தத் தொழில் சங்கத்தில் உறுப்பினர் என்பதையும் பாருங்கள். சங்கத்தின் விதிகளுக்குப் பல் கிடையாது என்று எண்ண வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் குப்தா குடும்பத்தின் ஓக்பே நிறுவனத்துக்காக இனப் பகையைத் தூண்டும் பிரசாரம் செய்ததற்காக, லண்டனின் பெல் பாட்டிங்கர் ஏஜென்சியைப் பிரிட்டனின் பி.ஆர்.சி.ஏ. சங்கம் 2017 செப்டம்பரில் வெளியேற்றியது. கிளையன்ட்கள் விலகினார்கள். அதே மாதம் அந்த ஏஜென்சி திவால் நிர்வாகத்தின் கீழ் போனது.

---

கீழ்க்குறிப்பு

செய்திமேசை அவர்கள் சொன்ன முதல் விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். "பேசலாம்" என்று பதில் போட்ட நாளே ஏஜென்சியின் பெயரோடு ஆசிரியரிடம் சொல்லச் சொல்வது நல்ல ஆசிரியர் இருக்கும் இடத்தில் சரி. வேலை தேடுகிறார் என்று தெரிந்ததுமே ஓரங்கட்டும் இடங்களும் உண்டு. பத்து ஏஜென்சியோடு பேசினால் ஒன்றில்தான் கிடைக்கும்.

அப்படிப்பட்ட இடத்தில் குறைந்தபட்சம் இதைச் செய்யலாம். குறிப்பிட்ட கட்டுரை வரும்போது, "இதில் எனக்குச் சொந்தத் தொடர்பு இருக்கிறது, வேறு ஒருவருக்குக் கொடுங்கள்" என்று எழுத்தில் சொல்லி விலகிக்கொள்ளுங்கள். காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. வாசகருக்குச் சேர வேண்டிய பாதுகாப்பு, சார்புள்ளவர் எழுதாமல் இருப்பதுதான். அது கிடைத்துவிடுகிறது. சம்பளம் பேசத் தொடங்கியதும் பெயரையும் சொல்லிவிடுங்கள், அதற்கு மேல் தள்ளக்கூடாது.

---

நடுக்கோடு

நான்காவது கேள்வி. பக்கம் மாறும்போது விதிகள் மாறாது. வாக்குறுதி கேட்பவர் இப்போது நீங்கள், அதனால் வரும் பொறுப்புதான் மாறும்.

"ஆஃப் தி ரெக்கார்ட்" என்ற சொல்லை நம்பி ஒருபோதும் பேசாதீர்கள். ஒருவர் அதை வெளியிடவே கூடாது என்று எடுத்துக்கொள்வார். இன்னொருவர் பெயர் போடாமல் வெளியிடலாம் என்று எடுத்துக்கொள்வார். வாய் திறப்பதற்கு முன் மூன்றை உடைத்துப் பேசுங்கள். இதை வெளியிடலாமா? வெளியிட்டால் யார் சொன்னதாகப் போடுவீர்கள், "நிறுவன அதிகாரி" என்றா, "விவரம் அறிந்தவர்" என்றா? இதை வைத்து வேறு ஒருவரிடம் கேட்டு உறுதிப்படுத்தலாமா? நிருபர் "சரி" என்று சொன்ன பிறகுதான் தகவல். சொல்லி முடித்துவிட்டு "இது ஆஃப் தி ரெக்கார்ட், சரியா" என்றால் அவருக்கு அதை ஏற்கும் கடமை இல்லை.

நான்காவதாக ஒன்றையும் கேளுங்கள்: உங்கள் ஆசிரியர் இந்த வாக்குறுதியை மீற முடியுமா? இது வெறும் சந்தேகம் இல்லை. 1982இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத் தேர்தலில் டேன் கோஹன் என்ற பி.ஆர். ஆலோசகர், எதிர்த்தரப்பு வேட்பாளரின் பழைய நீதிமன்ற ஆவணங்களைப் பெயர் வெளியிடக்கூடாது என்ற நிபந்தனையோடு நிருபர்களுக்குத் தந்தார். நிருபர்கள் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு நாளிதழ்களின் ஆசிரியர்களோ, ஆவணத்தைவிட அதைப் பரப்புவது யார் என்பதே வாசகருக்கு முக்கியம் என்று முடிவெடுத்துப் பெயரைப் போட்டார்கள். கோஹனுக்கு வேலை போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், பத்திரிகைச் சுதந்திரம் என்று சொல்லி வாக்குறுதியை மீறியதற்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று 1991இல் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பானது. ஆசிரியர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதை வாக்குறுதி தருவதற்கு முன் யோசித்திருக்க வேண்டும். நிருபர்களுக்கும் இது பாடம்: டெஸ்க்கைக் கேட்காமல் தர முடியாத வாக்குறுதியை, கேட்காமல் தராதீர்கள்.

எம்பார்கோ இரு தரப்பு ஒப்பந்தம். மெயிலின் தலைப்பில் பெரிய எழுத்தில் "எம்பார்கோ" என்று போட்டுக் குறிப்பையும் இணைத்து அனுப்பிவிட்டால், ஒப்புக்கொள்ளாத நிருபரை அது கட்டாது. முதலில் ஒரு மெயில்: "இன்ன பொருளில், இன்ன தேதி, இன்ன மணிவரை எம்பார்கோவோடு ஒரு குறிப்பு இருக்கிறது, ஏற்கிறீர்களா?" சம்மதம் வந்த பிறகு குறிப்பு. நேரத்தோடு நேர மண்டலத்தையும் போடுங்கள். பல நாட்டு நிருபர்கள் இருந்தால் யுடிசி என்ற உலகப் பொது நேரம் பாதுகாப்பு. "காலை 12 மணி" என்று எழுதாதீர்கள், 00:01 அல்லது 12:00 என்று 24 மணிக் கணக்கில் எழுதுங்கள். யாராவது முந்திக்கொண்டால் மற்றவர்களுக்கு உடனே "தடை நீங்கியது" என்று அனுப்ப வேண்டும். ஒழுங்காகக் காத்திருந்தவர்கள் தோற்றுப்போனால் அடுத்த முறை யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஏற்கெனவே பொதுவெளியில் இருப்பதற்கு எம்பார்கோ போடாதீர்கள்.

மேற்கோளைக் காட்டிச் சம்மதம் வாங்குவது பற்றி. தொழில்நுட்ப விவரம் சரியா என்று நிருபர் படித்துக்காட்டினால் நன்றி சொல்லித் தவறை மட்டும் திருத்துங்கள். "இது கொஞ்சம் கடுமையாக இருக்கிறது, மாற்றுங்கள்" என்பது திருத்தம் இல்லை. முழுக் கட்டுரையையும் தலைப்பையும் கேட்கவே கூடாது. பேட்டிக்கு முன் பேசும் பொருள்களைக் கேட்கலாம், கேள்விப் பட்டியலை நிபந்தனையாக வைக்கக் கூடாது.

பரிசு, பயணம், பிரஸ் மீட் கவர். பணம் வைத்த கவரைக் கொடுப்பதும் வாங்குவதும் லஞ்சம்தான், அதற்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை. நீங்கள் போகும் ஏஜென்சியின் பட்ஜெட்டில் "ஊடக நல்லுறவு" என்று ஒரு வரி இருந்தால் அதன் விவரப் பிரிப்பைக் கேளுங்கள். நிருபரை நிறுவனச் செலவில் அழைத்துப் போனால், அதைக் கட்டுரையில் தெளிவாகச் சொல்லலாம் என்று அழைப்பிலேயே எழுதுங்கள். சோதித்துப் பார்க்கத் தரும் பொருளுக்குத் தேதியிட்ட ரசீதும் திருப்பித் தர வேண்டிய நாளும் இருக்கட்டும்.

---

அச்சுமை

எல்லாருக்கும் நன்றி. கீழ்க்குறிப்பு சொன்னபடி விலகிக்கொள்வதை இன்றே தொடங்கிவிடலாம் என்று தோன்றுகிறது. இன்னும் இரண்டு சந்தேகம். சேர்ந்த பிறகு பழைய பழக்கத்தில் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதலாமா? கிளையன்டின் பெயரைச் சொல்லாமல் பிட்ச் செய்யச் சொன்னால்?

---

செய்திமேசை

உங்கள் கிளையன்ட்கள் இருக்கும் துறை பற்றி எழுதக்கூடாது. வேறு பொருளில் எழுதலாம், ஆனால் ஆசிரியருக்கு உங்கள் வேலை தெரிந்திருக்க வேண்டும், கட்டுரையின் கீழே ஒரு வரியும் வர வேண்டும். கிளையன்டின் பெயரில் நீங்கள் கட்டுரை எழுதித் தருவது வேறு. அதில் கருத்து அவருடையதாக இருக்க வேண்டும். அரை மணி நேரம் அவரைப் பேசவைத்துப் பதிவு செய்து, அதிலிருந்து எழுதுங்கள். "யார் வரைந்தது?" என்று பத்திரிகை கேட்டால் மறைக்காதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு 2011இல் நடந்ததைப் பாருங்கள். பர்சன்-மார்ஸ்டெல்லர் ஏஜென்சியில் புதிதாகச் சேர்ந்த இரண்டு முன்னாள் பத்திரிகையாளர்கள், கூகிளின் ஒரு சேவை பயனரின் அந்தரங்கத்தை மீறுகிறது என்ற செய்தியைப் பலரிடம் கொண்டு போனார்கள். கிளையன்ட் யார் என்று ஒரு வலைப்பதிவர் கேட்டார். சொல்ல மறுத்தார்கள். அவர் அந்த மெயில்களை அப்படியே வெளியிட்டார். பின்னர் அந்தக் கிளையன்ட் ஃபேஸ்புக் என்று தெரிந்தது. பெயரை மறைத்துப் பணியாற்றியது தங்கள் நடைமுறைக்கே விரோதமானது என்று ஏஜென்சியும் ஒப்புக்கொண்டது. நிருபராக இருந்தால் அவர்களே முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. பிட்ச்சின் முதல் வரியிலேயே கிளையன்டின் பெயரைப் போடுங்கள். பெயரைப் போட முடியாது என்றால் பிட்ச் போகாது.

---

வெள்ளைத்தாள்

அதோடு ஒன்று. பெயரை மறைக்கும் இன்னொரு வழி, "அக்கறையுள்ள குடிமக்கள்" என்ற பாணியில் ஓர் அமைப்பை முன்னால் நிறுத்துவது. 1990 அக்டோபர் 10 அன்று, குவைத் மருத்துவமனையில் ஈராக்கியப் படையினர் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துப் போட்டதாக 15 வயதுப் பெண் ஒருவர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரின் மனித உரிமைக் குழு முன் சொன்னார். ஏற்பாட்டில் இருந்தது ஹில் அண்ட் நோல்ட்டன், அதன் கிளையன்ட் "சுதந்திர குவைத்துக்கான குடிமக்கள்" என்ற அமைப்பு, அதற்குப் பணம் பெரும்பாலும் குவைத் அரசிடமிருந்து. அந்தப் பெண் குவைத் தூதரின் மகள் என்பது 1992 ஜனவரியில்தான் வெளியே வந்தது. அந்தச் சாட்சியத்தை உறுதிப்படுத்த முடியவில்லை. ஓர் அமைப்பின் பெயரில் குறிப்பு அனுப்பச் சொன்னால், அதற்கு யார் பணம் தருகிறார்கள் என்பதைக் குறிப்பிலேயே எழுதச் சம்மதமா என்று கேளுங்கள். நேரில் பேச யாரையாவது கொண்டுவந்தால் அவர் யார், யாருக்கு உறவு, எப்படி வந்தார் என்பதையும் நிருபர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள்.

திருத்தம் பற்றி நேர்முகக் கேள்வியில் சொன்னேன், செய்முறையைச் சொல்லவில்லை. தவறான குறிப்பு போய்விட்டால், அது போன அதே பட்டியலில் உள்ள எல்லாருக்கும், தலைப்பில் "திருத்தம்" என்ற சொல்லோடு, அன்றைக்கே இன்னொன்று போக வேண்டும். எது தவறு, எது சரி, எப்படித் தெரிந்தது என மூன்று வரி போதும். விளக்கத்தை நீட்டினால் திருத்தம் அதில் புதைந்துவிடும். ஏற்கெனவே செய்தி போட்டவர்களுக்குத் தனியாகப் போன் செய்யுங்கள், அவர்கள்தான் தங்கள் வாசகருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். இணையதளத்தில் இருக்கும் பழைய குறிப்பைச் சத்தமில்லாமல் மாற்றி எழுதாதீர்கள். பழையது அங்கேயே இருக்கட்டும், மேலே திருத்தத்தின் தேதியும் நேரமும் வரட்டும்.